எண்ணெய்க்குத் தொண்ணூற்றொன்று

ராத்திரியானால் உங்கள் தலைக்கு மேலே 'பீப்' என்று ஒரு சத்தம், அப்புறம் தகரத்தை நகத்தால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று, அப்புறம் என் பாப்பா வீல் என்று கத்துவது, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, மறுபடியும் 'பீப்'. அது என்ன சத்தம் என்று காலையில் மாடிப்படியில் வைத்துக் கேட்டீர்கள், ராஜக்கனி அக்கா. "என்ன சுகிர்தா, ஊர் அடங்கின பெறகு சரக்கு நிறுக்கீங்களோ? கலப்படம் கிலப்படம் பண்றாரா ஒம் மாமனாரு?" என்று சிரித்தீர்கள். என் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் நானும் சிரித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

சரக்குதான் அக்கா. அந்தச் சரக்கு என் பாப்பா.

போனில் பேசினால் சுவர் வழியாகக் கேட்டுவிடும், அதனால்தான் மெசேஜில் எழுதுகிறேன். பாப்பா மடியில் இருக்கிறாள், பால் குடித்துக்கொண்டே தூங்குகிறாள். ஒரு கையால் எழுதுவதால் தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இவர் மாமாவைக் கூட்டி வர மில்லுக்குப் போயிருக்கிறார். வருகிற வரைக்கும்தான் எனக்கு நேரம்.

மாமாவுக்குக் கடைவீதியில் எண்ணெய்க்கடையும் அதற்குப் பின்னால் மில்லும் இருப்பது உங்களுக்குத் தெரியும். கடையில் ஒரு தராசு இருக்கிறது, கறுப்புத் தட்டு, சிவப்பு எழுத்து ஓடுகிற கம்ப்யூட்டர் தராசு. அது தினமும் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வருகிறது, விடிவதற்கு முன்னால் மாமாவோடு திரும்பிப் போய்விடுகிறது. அதைப் படியேற்றித் தூக்கிக்கொண்டு வருவது இவர்தான். மாமாவுக்கு முதுகுவலி. இவர் ரொம்ப நல்லவர் அக்கா, அப்பாவை ஒரு பொருளைத் தூக்க விடமாட்டார்.

ஹாலில் பாயைப் போட்டு, பாய்மேல் தராசை வைத்து, தட்டின்மேல் ஒரு துண்டை விரிப்பார்கள். மாமா ஒரு பட்டனை அழுத்துவார். 'பீப்'. துண்டின் எடை கழிந்து சுழிக்கு வந்துவிடும். டக் டக் என்பது அத்தை பாப்பாவின் வெள்ளி அரைஞாணையும் காப்பையும் கழற்றிப் பக்கத்தில் ஒரு தகரக் கிண்ணத்தில் போடுவது. அப்புறம் பாப்பாவைக் கிடத்துவார்கள். துண்டு இருந்தாலும் அந்தத் தட்டு ஜில்லென்று இருக்கும், கடலைப் புண்ணாக்கு வாசம் வேறு. வைத்ததும் கத்துவாள். கத்திக் கையைக் காலை ஆட்டினால் சிவப்பு எழுத்து மேலேயும் கீழேயும் ஓடும். "ஆட்டாத தாயி, ஆட்டாத. கிராம் தப்பிப் போவும்" என்பார் மாமா, தராசைப் பார்த்தபடியே.

எடை போட்டு முடித்ததும் என் கையில் தருவார்கள். நான் உள்ளே போய்ப் பால் கொடுக்க வேண்டும். கதவு பாதி திறந்தே இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அத்தை சொல்லிவிட்டார்கள், "நம்ம வீட்ல உள்தாழ்ப்பா போட்டுக்கிற பழக்கம் இல்லம்மா, யாருக்கு என்ன ஒளிவு மறைவு?" வெளியே மாமா தராசுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "குடிச்சிட்டாளா?" என்று கேட்பார். கொஞ்சம் கழித்து "இன்னுமா?" என்பார். பாப்பா தேம்பித் தேம்பிக் குடிப்பாள், பாதியில் விட்டுவிடுவாள். எனக்கும் அந்த நேரத்தில் சரியாகச் சுரக்காது. விடியற்காலையில் பாருங்கள், ஜாக்கெட் நனைந்து பாய்வரைக்கும் ஈரமாகிவிடும், பாப்பாவுக்குப் புரையேறும். ஆனால் விடியற்காலையில் தராசு இருக்காதே.

குடித்து முடித்ததும் மறுபடியும் தட்டு, மறுபடியும் 'பீப்'. முதல் எடையை இரண்டாவது எடையில் கழித்தால் எத்தனை கிராமோ, அத்தனை கிராம் பால் என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. இதுதான் அக்கா அந்தச் சத்தம்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். தனம் மதினியால்தான். இவருடைய அக்கா, ராஜபாளையத்தில் இருக்கிறார்கள், போன மாசம் வந்திருந்தார்களே, காரில். அவர்களுக்கும் ஒரு பையன், எங்கள் பாப்பாவைவிடக் கொஞ்சம் மூத்தவன். மதினி வேலைக்குப் போகிறதால் மெஷின் வைத்துப் பாலை எடுத்துப் பாட்டிலில் வைத்துவிட்டுப் போவார்கள். பாட்டிலில் மில்லிக் கோடு இருக்கும். குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம், அதில் தினமும் சாயங்காலம் பாட்டில் படம் வரும். தொண்ணூறு. கீழே மதினி சிரிக்கிற பொம்மை போட்டிருப்பார்கள்.

ஒருநாள் அத்தை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பாப்பா எவ்வளவு குடிக்கா, யாருக்குத் தெரியும்?" என்றார்கள். சும்மாதான் சொன்னார்கள். பாப்பா பார்க்கக் கொஞ்சம் ஒடிசல், அது எனக்கும் தெரியும். ஊசி போடப் போனபோது அங்கிருந்த நர்ஸ் கார்டைப் பார்த்து, எடை ஒழுங்காக ஏறுகிறது, நல்லா இருக்காள் என்றுதான் சொன்னார். ஆனால் மதினி பையனைப் பார்த்தால் கன்னம் இப்படி இருக்கிறது. நர்ஸ் எல்லோருக்கும் அப்படித்தானே சொல்வார்.

மாமாதான் வழி சொன்னார். "நிறுத்துப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. கிராம் கணக்க மில்லியாக்க எனக்குத் தெரியாதாக்கும்? நாப்பது வருஷமா அதத்தான பண்ணிட்டு இருக்கேன்."

அது நிஜம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. நூறு மில்லி எண்ணெய் தொண்ணூற்றொரு கிராம்தான் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் லிட்டரில் கேட்பார்கள், மில்லில் கிலோவில் போட்டிருப்பார்கள், மாமா மனசுக்குள்ளேயே வகுத்துச் சொல்லிவிடுவார். பேனா எடுத்து நான் பார்த்ததில்லை. பாப்பா விஷயத்திலும் அப்படித்தான். எண்பத்திரண்டு கிராம் வந்தது ஒருநாள். மாமா கண்ணை மூடித் திறந்து, "தொண்ணூறு மில்லி" என்றார். அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த நேரத்தில் கேசரி கிண்டினார்கள். மதினியும் குரூப்பில் கைதட்டினார்கள். "எண்பதுக்குக் கொறையாம இருந்தா ஒண்ணும் பயமில்லம்மா. கொறஞ்சா சொல்லுங்க, எங்கிட்ட கெடந்து வீணாத்தான போவுது, நான் பாத்துக்கிறேன்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார்கள்.

எண்பது என்கிற கோடு அப்படி வந்ததுதான். மதினி போட்டது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லோரும் எண்பதைப் பற்றியேதான் பேசினோம். நானும்தான். ராத்திரி நெருங்க நெருங்கக் கடிகாரத்தையே பார்ப்பேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பேன், பூண்டு தின்பேன், மாதாவை வேண்டிக்கொள்வேன். சிரிக்காதீர்கள், கான்வென்டில் படித்த பழக்கம், முருகனைக் கும்பிடும்போதே வாய் மாதாவே என்றுதான் சொல்லும்.

பெரும்பாலும் எண்பதைத் தாண்டிவிடும். ஒன்று இரண்டு கூட வரும். அப்படியே போயிருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை எழுபத்துநாலு கிராம். மாமா கண்ணை மூடித் திறந்தார். "எம்பத்தொண்ணு" என்றார். அத்தை, "முருகா, தப்பிச்சோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா முழிக்க? கான்வென்ட்ல படிச்ச பிள்ளைக்குக் கணக்கு வெளங்கலியோ? இங்கிலீஷ்ல சொல்லணுமோ?"

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. எங்கள் பெர்னதெத் சிஸ்டர் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கண்ணாடி டம்ளரில் பாலையும் எண்ணெயையும் ஊற்றி மேசைமேல் வைத்து, எது மேலே நிற்கிறது, ஏன் என்று கேட்டார்கள். வகுப்பிலேயே நான் ஒருத்திதான் எழுந்து சொன்னேன். அதற்கு ஒரு மாதா சொரூபப் படம் பரிசாகக் கொடுத்தார்கள், இன்னும் பெட்டியில் இருக்கிறது. டென்சிட்டி தெரிந்த பெண்ணைப் பார்த்துக் கணக்கு விளங்கவில்லையா என்றால்?

"மாமா, அது எண்ணெய்க்கு" என்றேன்.

"எது?"

"தொண்ணூத்தொண்ணு. அது எண்ணெய்க்கு மாமா. பால் எண்ணெய் மாதிரி லேசு கிடையாது. தண்ணியவிடக் கொஞ்சம் கனம். நூறு மில்லி நூத்திமூணு கிராம் இருக்கும்."

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும், அளவு விஷயத்தில் அவர் தங்கம். "அப்படியா சொல்லுத?" என்று எழுந்து போய் பிரிட்ஜிலிருந்து அரை லிட்டர் பால் பாக்கெட்டை எடுத்து வந்து, பாப்பாவின் துண்டுமேலேயே வைத்தார். ஐந்நூற்றுப் பதினெட்டு. கவர் எடை போக அதேதான். மாமா கொஞ்ச நேரம் சிவப்பு எழுத்தையே பார்த்தார். "எண்ணெயா இருந்தா நானூத்தி அம்பத்தஞ்சுல்ல காட்டணும்" என்றார். பாக்கெட்டைத் தூக்கி மறுபடியும் வைத்தார். அதே ஐந்நூற்றுப் பதினெட்டு.

"எம் மருமவ சொல்றதுதான் சரி. நான் இத்தன நாளா பால எண்ணெயா நெனச்சுல்ல கணக்குப் போட்டுட்டேன்? ஏ சிவபாலா, பாத்தியாடா, ஒம் பொண்டாட்டிகிட்ட பாடம் படிக்கணும்டா நாம."

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார் அக்கா. கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டில் நான் பேசினதை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டது அன்றைக்குத்தான். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

அப்புறம் அத்தை கேட்டார்கள். "அப்போ இன்னைக்கு எவ்வளவு?"

மாமா கண்ணை மூடவே இல்லை. "எழுவத்திரண்டு" என்றார்.

மாமாவால் கணக்கைப் பாதியில் விடமுடியாது. முந்தின நாள் எவ்வளவு, அதற்கு முந்தின நாள் எவ்வளவு என்று எல்லாவற்றையும் பாலுக்கு மாற்றினார். எல்லாம் எண்பதுக்குக் கீழே. கேசரி கிண்டின நாள்கூட எண்பதைத் தொட ஒரு நூல் குறைவு. அத்தை பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பட்டினியாவா கெடந்த எம் பொன்னு? இத்தன நாளும் பட்டினியாவா?" என்று அழ ஆரம்பித்தார்கள். நிஜமாகவே அழுதார்கள், நடிப்பில்லை. கணக்கு தப்பு என்று சொல்லலாம் என்றால், சரியாக்கினதே நான்தான்.

நீங்கள் நினைப்பீர்கள், வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று. அது எப்படி அக்கா முடியும்? தப்பான சூத்திரத்தை வைத்துச் சரியான விடை வந்தாலும் சிஸ்டர் சுழிதான் போடுவார்கள்.

மதினிக்கு இவர்தான் போன் பண்ணினார். ஒளித்து வைக்கக் கூடாதில்லையா, அக்கா தம்பிக்குள். ஸ்பீக்கரில் போட்டார்.

"இங்க கொண்டாந்து விடுங்கடா. ஒரு மாசம், ரெண்டு மாசம். எம் பிள்ளைக்குப் போக மிச்சம் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வளரட்டும்."

"சுகிர்தாவும் வரட்டுமா?" என்று அத்தை கேட்டார்கள்.

"அவ எதுக்கு? அவ பக்கத்துல இருந்தா பிள்ள எங்கிட்ட வாய் வைக்குமா? அவ நல்லாத் தூங்கி எந்திரிச்சி ஒடம்பத் தேத்தட்டும், பாவம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரூமுக்குள் வந்து, "நல்லதுக்குத்தான சுகி. அவ வயிறு நெறயணும்ல? நீ சொன்ன கணக்குத்தான" என்றார். இவருக்கும் மனசுக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியும், அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டாம் தரம் குழம்பு வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரும் பேசிவிட்டார். இவரே ஓட்டிக்கொண்டு போகிறாராம், டிரைவர் என்றால் வேகமாகப் போவான், பாப்பாவுக்குக் குலுங்கும் என்று. அவ்வளவு அக்கறை.

நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

அம்மாவிடம் சொல்லலாமே என்பீர்கள். சொன்னேன். "சம்பந்தி வீட்டுல பகச்சுக்காத. பிள்ளைக்கு நல்லதுன்னாத்தான செய்வாங்க. ரெண்டு மாசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றாள். நான் கண்ணை மூடினால் பாப்பா அங்கே மதினியின் பக்கத்தில் படுத்திருக்கிறாள், திரும்பி வரும்போது என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதுதான் தெரிகிறது. மூன்று மாசப் பிள்ளைக்கு அம்மா என்றால் வாசம்தானே. இரண்டு மாசத்தில் என் வாசம் எங்கே இருக்கும்?

வீட்டில் எல்லாம் கட்டி வைத்தாயிற்று. சொக்காய், மெத்தை, கிலுகிலுப்பை. துணி மட்டும்தான் காயவில்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

இன்றைக்குச் சாயங்காலம் கொடித் துணி சொட்டி உங்கள் மோர்மிளகாய்த் தாம்பாளம் நனைந்துவிட்டது என்று மேலே வந்தீர்களே. அது முதல் தரம் இல்லை, எனக்குத் தெரியும். உங்களிடம் எத்தனையோ தரம் மன்னிப்பு கேட்டிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும் அக்கா, ஓயாமல் நனைக்கிறாள். ஒன்றை மாற்றி நிமிர்வதற்குள் இன்னொன்று. அலசிப் போட்டுக் கை வெந்துவிட்டது, பகலும் துவைக்கிறேன், விளக்கு வைத்த பிறகும் துவைக்கிறேன், கொடியில் இடமே இல்லை. பிழியக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே போடுகிறேன், அதுதான் சொட்டுகிறது.

நீங்கள் கொடியைப் பார்த்தீர்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தீர்கள். "இம்புட்டையும் ஒரு நாள்லயா நனைச்சா?" என்று கேட்டீர்கள். ஆமாம் அக்கா என்றேன். பால் பத்தாத பிள்ளை என்று அத்தை உங்களிடமும் புலம்பியிருப்பார்கள் போல. "வயித்துல ஒண்ணும் போவாத பிள்ளையா இம்புட்டு நனைக்கும்? என் மொளகாயக் கெடுத்துட்டாளே, கள்ளி" என்று பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டீர்கள். மிளகாய்க் கோபத்தில்தான் சொன்னீர்கள். நான் வாளியோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்போதிலிருந்து அதேதான் எனக்குள் ஓடுகிறது. சிஸ்டர் சொல்லிக்கொடுத்த எந்தக் கணக்கிலும் அது வரவில்லை. எத்தனை மில்லி உள்ளே போனால் எத்தனை துணி நனையும் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அத்தையிடம் போய்ச் சொல்லலாம் என்று அடுப்படி வரைக்கும் போனேன். "அத்தை, துணி" என்றேன். "காயாததைக் கவர்ல போட்டுக் குடு, அங்க போய்க் காயப் போட்டுக்குவா" என்றார்கள். நான் சரி என்று வந்துவிட்டேன். எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது அக்கா. தராசுக்குப் பதில் சொல்ல வாய் வந்தது, இதற்கு வரவில்லை.

இன்றைக்கும் நிறுக்கப் போகிறார்கள். "அங்க போயி எவ்வளவு ஏறுதுன்னு பாக்க வேண்டாமா? கடைசியா ஒரு எடை போட்டு வச்சிருவோம்" என்று மாமா மத்தியானமே சொல்லிவிட்டுப் போனார். தனத்தின் வீட்டுக்கும் ஒரு தராசு வாங்கிக் கொடுத்துவிடுவாராம், ஒரே கம்பெனித் தராசு, அப்போதுதான் கணக்கு ஒத்துப்போகும் என்று.

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? காலையில் ஏழு மணிக்குக் கார் வந்து நிற்கும். நீங்கள் மேலே வர வேண்டும். வந்து என்னிடம் சொன்னதை மாமாவிடம் சொல்ல வேண்டும். அத்தையிடம் இல்லை, இவரிடமும் இல்லை, இவர் பாவம், தன் அக்காவிடம் சரி என்று சொல்லிவிட்டேனே என்று தவிப்பார். மாமாவிடம் சொல்லுங்கள். கொடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மிளகாய்த் தாம்பாளத்தையும் கையில் எடுத்து வாருங்கள். கண்ணால் பார்த்தால் மாமா ஒப்புக்கொள்வார், பால் பாக்கெட்டை வைத்தபோது ஒப்புக்கொண்டாரே. நான் சொன்னால் அழுகை வந்துவிடும், அழுதால் பால் வற்றிவிடும் என்று அத்தை பாப்பாவை வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்கூட்டர் சத்தம். இவர்தான்.

கேட் திறக்கிறது. இந்த நேரத்தில் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

அக்கா, இந்த ரூம் கதவில் உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. பெயிண்ட் அடித்தபோது அதன்மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள், அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டதில்லை. சாயங்காலம் அத்தையும் இவரும் கோயிலுக்குப் போன நேரத்தில் அசைத்துப் பார்த்தேன், வரவில்லை. பாப்பாவுக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை அதில் விட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மில்லி என்று பார்க்கவில்லை.

படியில் ஏறுகிறார்கள். இவருக்கு மூச்சு வாங்குகிறது, தராசு கையில் இருக்கிறது. மாமா, "மெதுவாடா, தட்டு இடிச்சிரும்" என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நான் இந்த மாதிரி எதுவும் செய்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில்கூட ஒருநாளும் வெளியில் நின்றதில்லை. காலையில் என்ன சொல்வார்கள், எவ்வளவு நேரம் உள்ளே இருக்க முடியும், குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருக்கிறது, ஒன்றும் யோசிக்கவில்லை. பாப்பா கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறாள். மடியெல்லாம் சூடாக நனைகிறது.

பாய் விரிக்கிற சத்தம். "சுகிர்தா, பாப்பாவக் கொண்டாம்மா" என்கிறார்கள் அத்தை.

பீப்.

போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். தாழ்ப்பாள் அசையவில்லை. பாப்பாவைப் பாயில் கிடத்திவிட்டு இரண்டு கையாலும் தள்ளினேன். பெயிண்ட் உதிர்ந்தது. கட்டைவிரல் கிழிந்துவிட்டது, எழுத்தெல்லாம் தப்பாக விழுகிறது. இப்போது ஒரு சத்தம் கேட்டிருக்குமே உங்களுக்கு, தராசு இல்லை, கனமாக, ஒரே ஒரு தரம். அது நான்தான் அக்கா. கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.